எல்.ஆர்.ரி.யா, பஸ்ஸா: ஓட்டும் செலவு எதற்குக் குறைவு?

நீங்கள் கேட்டதை முதலில் திருப்பிச் சொல்கிறேன், நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பாருங்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஓடிய ஆர்.ரி. என்ற சின்ன ரயில் நின்றுபோய் அந்த வழியில் இப்போது பஸ் ஓடுகிறது. இதனால் ஓட்டும் செலவு கூடியதா குறைந்ததா என்று தேடியபோது உங்களுக்கு இரண்டு தகவல் அகப்பட்டிருக்கிறது. ஒன்று, கனடாவின் கல்கரி நகரில் எல்.ஆர்.ரி. என்கிற இலகு ரயிலில் ஒரு பயணிக்கு 27 சதம் செலவு, பஸ்ஸில் ஒன்றரை டொலர். மற்றது, அமெரிக்காவில் ஒரு எல்.ஆர்.ரி. பெட்டியை ஒரு மணித்தியாலம் ஓட்ட, பஸ்ஸைப்போல இரண்டு மடங்கு செலவு. "இதில் எது பொய்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் பொய் இல்லை. ஒருவர் செலவை ஏறிய ஆட்களால் வகுத்திருக்கிறார், மற்றவர் ஓடிய மணித்தியாலத்தால் வகுத்திருக்கிறார். ஒரு பெட்டியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது தெரியாமல் இந்த இரண்டையும் ஒட்டவைக்க முடியாது. கட்டுமானச் செலவை நீங்களே ஒதுக்கிவிட்டீர்கள். நானும் ஓரிரு இடம் தவிர அதைத் தொடப்போவதில்லை.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லவேண்டும். பஸ் கால அட்டவணை போடும் வேலையில் பல வருடம் இருந்தேன், பிறகு செலவுக் கணக்குப் பக்கம் வந்தேன். சாரதிகளின் சம்பளம், கராஜ், பஸ் எண்ணிக்கை என்றால் நித்திரையிலும் கணக்குச் சொல்லுவேன். தண்டவாளம், மின்கம்பி, சிக்னல் என்று வந்தால் என்னுடையது கேள்விஞானம்தான். வாசிக்கும்போது அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அமெரிக்கக் கணக்கு. அங்கே அரச நிதி வாங்கும் போக்குவரத்து நிறுவனங்கள் வருடந்தோறும் தங்கள் செலவையும் பயணிகள் எண்ணிக்கையையும் மத்திய அரசுக்கு ஒரே அச்சுப் படிவத்தில் கொடுக்கவேண்டும். அதனால் ஒப்பிடுவதற்கு இதைவிட நல்ல தரவு வேறு இடத்தில் கிடைப்பது அரிது. கொரோனாவுக்கு முந்திய வருடங்களை எடுத்தால், மணித்தியாலக் கணக்கில் எல்.ஆர்.ரி. ஏறத்தாழ இரண்டு மடங்குதான். ஆனால் நாள் முழுக்கச் சராசரி எடுத்தால் ஒரு பஸ்ஸில் பத்துப் பேர் அளவில்தான் இருந்தார்கள், எல்.ஆர்.ரி. பெட்டியில் இருபதுக்கு மேல். ஏறியவர்கள் போன தூரமும் ரயிலில் கொஞ்சம் அதிகம். ஆகவே ஒரு பயணியை ஒரு மைல் கொண்டுபோகும் செலவில் ரயில் முந்துகிறது. ஒரு தடவை ஏறுவதற்கு என்று பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. இன்னொரு பொறியும் உண்டு. அந்தப் புள்ளிவிபரத்தில் மணித்தியாலம் என்பது பெட்டிக்கு எண்ணப்படுவது. மூன்று பெட்டி கோர்த்த ஒரு ரயில் ஒரு மணித்தியாலம் ஓடினால் மூன்று மணித்தியாலம் என்று எழுதுவார்கள். இதைக் கவனிக்காமல் "ஒரு ரயிலுக்கு இவ்வளவு" என்று எழுதும் கட்டுரைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, காசு எங்கே போகிறது? வட அமெரிக்காவில் பஸ் ஓட்டும் செலவில் பெரும்பங்கு ஆட்களுக்குத்தான்: சம்பளம், ஓய்வூதியம், காப்புறுதி, விடுமுறை. டீசல் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும். அதிலும் சாரதிகளை வேலைக்குப் பங்கிடும் விதம் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு செலவு. காலை நெரிசலுக்கு மட்டும் வெளியே வரும் ஒரு பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சாரதி 5.40க்குக் கராஜில் பஸ்ஸை எடுத்து, விளக்கு, பிரேக், கதவு எல்லாம் பார்த்துவிட்டு, வெறும் வண்டியாக இருபது நிமிடம் ஓடி வழித்தடத்துக்கு வருகிறார். இரண்டு நடை ஓடி ஒன்பது மணிக்கு மேல் பஸ்ஸைக் கொண்டுபோய் விடுகிறார். பின்னேரம் மூன்று மணிக்குத் திரும்ப வந்து அதேபோல ஆறரை மட்டும். பயணிகளோடு அவர் ஓடியது ஐந்து, ஐந்தரை மணித்தியாலம். தொழிற்சங்க ஒப்பந்தப்படி எட்டு மணித்தியாலச் சம்பளம் உறுதி. காலையில் தொடங்கி மாலையில் முடியும் நேரம் நீண்டுவிட்டால் அதற்கும் ஒரு மேலதிகப் படி. அட்டவணை போடுகிறவனின் கெட்டித்தனம் முழுவதும் இந்த இடைவெளியைச் சுருக்குவதில்தான் இருக்கிறது. எவ்வளவு சுருக்கினாலும் நெரிசல் நேரத்துக்கு மட்டும் தேவைப்படும் இருபதாவது பஸ், நாள் முழுக்க ஓடும் முதலாவது பஸ்ஸைவிட மணித்தியாலத்துக்கு நிறையக் கூடத்தான் விழும். சராசரிச் செலவைப் பார்க்கும்போது இது மறைந்துபோகிறது.

ரயிலின் பலம் இங்கேதான். 12 மீற்றர் பஸ் ஒன்றில் நெருக்கிப் பிடித்தால் அறுபது, எழுபது பேர். நடுவில் மடிந்து வளையும் நீட்டு இரட்டை பஸ்ஸில் நூறு சொச்சம். எல்.ஆர்.ரி. பெட்டி ஒன்றில் 150க்கு மேல் ஏறலாம், நான்கைக் கோர்த்தால் அறுநூறு பேர், சாரதி ஒருவர்தான். நெரிசல் கூடும்போது பஸ்காரன் இன்னொரு வண்டியும் இன்னொரு சாரதியும் தேடவேண்டும். ரயில்காரன் இன்னொரு பெட்டியைக் கொழுவிவிடுவான்.

ஆனால் ரயிலுக்கு ஒரு வாடகை இருக்கிறது. கலியாணத்துக்கு ஹோல் எடுத்தால் ஐம்பது பேர் வந்தாலும் ஐந்நூறு பேர் வந்தாலும் ஹோல் காசு ஒன்றுதானே, அப்படி. தண்டவாளத்தைச் சோதிக்க ஆள், மேல்கம்பிக்கு ஆள், ஒன்றிரண்டு கிலோமீற்றருக்கு ஒன்று என்று இருக்கும் மின் உபநிலையங்கள், சிக்னல், கட்டுப்பாட்டு அறையில் இரவுபகல் இருப்பவர்கள், நிலையங்களின் லிஃப்ட், பனிக்காலத்தில் தண்டவாளம் பிரியும் இடங்கள் உறையாமல் சூடாக்கும் கருவிகள். ஒரு ரயில் ஓடினாலும் ஐம்பது ஓடினாலும் இவற்றில் பெரும்பகுதி குறையாது. பஸ்ஸுக்கு இந்தக் கணக்கு இல்லை. வீதியைப் பராமரிப்பதும் அதில் பனி வழிப்பதும் நகரசபையின் வேறொரு கணக்கில் கிடக்கிறது.

இரண்டையும் ஒரு வழித்தடத்தில் வைத்துப் பார்ப்போம். இங்கே வரும் எண்கள் கணக்கை விளங்கவைக்க நானே போட்டவை, எந்த ஊரின் கணக்கும் இல்லை. வழித்தடம் 15 கிலோமீற்றர், போய்த் திரும்பிச் சாரதிக்கு ஓய்வும் கொடுத்து ஒரு சுற்று 90 நிமிடம். பஸ்ஸுக்கும் தனிப்பாதை கொடுத்து இரண்டின் வேகமும் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பஸ் ஒன்றுக்கு அறுபது பேர், மணித்தியாலச் செலவு 150 டொலர். ரயிலுக்கு அந்த 'ஹோல் காசு' மணித்தியாலத்துக்கு 2,000 டொலர், சாரதிக்கு 80, ஒவ்வொரு பெட்டிக்கும் 110, பெட்டிக்கு 150 பேர். நெரிசல் திசையில் மணித்தியாலத்துக்கு 600 பேர் என்றால் பத்து பஸ் தேவை. சுற்று ஒன்றரை மணித்தியாலம் என்பதால் வீதியில் 15 பஸ் இருக்கவேண்டும், செலவு 2,250. ரயிலை 12 நிமிடத்துக்கு ஒன்று என்று தனிப்பெட்டியாக ஓட்டினால் எட்டு ரயில், செலவு 3,520. பஸ் வென்றுவிட்டது. 1,500 பேர் என்றால் 38 பஸ், 5,700 டொலர். ரயில் அதே எட்டுத்தான், பெட்டி மட்டும் இரண்டாகிறது, 4,400. ரயில் முந்திவிட்டது. 4,000 பேர் என்றால் நூறு பஸ்ஸுக்குமேல், ஏறத்தாழ 15,000 டொலர். நான்கு பெட்டியில் 11 ரயில் போதும், 7,720.

இதிலே ஒன்றைப் பாருங்கள். முதல் நிலையில் ரயில் பெட்டியின் மணித்தியாலச் செலவு 440 டொலர், கடைசி நிலையில் 175. ஒரே ரயில், ஒரே சம்பளம், ஒரே தண்டவாளம். "எல்.ஆர்.ரி.யின் மணித்தியாலச் செலவு என்ன?" என்ற கேள்விக்கு ஊரை விட்டுத் தனியாக ஒரு பதில் கிடையாது. பஸ்ஸின் செலவு 150ஐச் சுற்றியே நிற்கும். ரயிலின் செலவு கூட்டத்தோடு சேர்ந்து இறங்கும்.

என் கணக்கு ரயிலுக்கு ஒரு இடத்தில் சலுகை காட்டுகிறது. நெரிசல் மணித்தியாலத்தை மட்டும்தான் எடுத்திருக்கிறேன். மத்தியானம் பதினொரு மணிக்கு 300 பேர்தான் வருவார்கள். பஸ்ஸைக் குறைக்கலாம், ஹோல் காசைக் குறைக்க முடியாது. பெட்டியைக் கழற்றவும் கொழுவவும் யார்டில் ஆள் வேண்டும், அந்தச் சில்லெடுப்புக்குப் பயந்து பல இடங்களில் இரண்டு பெட்டியையும் நாள் முழுக்க அப்படியே விட்டுவிடுவார்கள். பஸ்ஸுக்கும் ஒரு சலுகை கொடுத்திருக்கிறேன்: 4,000 பேருக்கு மணித்தியாலத்துக்கு 67 பஸ் ஒரே பாதையில் ஒன்றையொன்று மறிக்காமல் ஓடும் என்று எடுத்துக்கொண்டது. சிக்னல் உள்ள நகர வீதியில் அது நடக்காது. ஒரு பஸ் தரிப்பில் நின்றால் பின்னால் மூன்று நிற்கும். பொகோட்டாவின் ட்ரான்ஸ்மிலேனியோவில் முந்திப்போக இரண்டாம் பாதை போட்டுத்தான் இதைச் சமாளித்தார்கள்.

ஒட்டாவாவில் இந்த எல்லையைக் கண்ணால் பார்க்கலாம். 1983இலிருந்து அங்கே பஸ்ஸுக்கென்றே தனிப்பாதைகள் போட்டு, உலகத்தில் பலர் வந்து படித்துப்போகும் அளவுக்கு நடத்தினார்கள். நகர மையத்துக்கு வந்ததும் எல்லாப் பஸ்ஸும் அல்பேர்ட், ஸ்லேற்றர் என்ற இரண்டு சாதாரண வீதிகளில் இறங்கவேண்டும். மாலை நெரிசலில் ஒரு திசையில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 180 பஸ். ஒன்றின் மூக்கு மற்றதின் முதுகில். இன்னும் பஸ் சேர்த்தால் இருப்பதும் மெதுவாகும், மெதுவானால் அதே சேவைக்கு இன்னும் பஸ் வேண்டும். அந்த நிலையில் சாரதிச் செலவு எங்கும் தேங்காமல் ஏறிக்கொண்டே போகும். நகர மையத்தில் சுரங்கம் தோண்டி 2019 செப்ரெம்பர் 14இல் எல்.ஆர்.ரி. திறந்தபோது, இந்தப் பஸ்களை நிறுத்துவதில் வரும் மிச்சம் திட்டத்தின் நியாயங்களில் ஒன்று. அந்த நியாயம் தவறில்லை என்றே நினைக்கிறேன். அதற்குப் பிறகு நடந்தது வேறு கதை. 2021இல் ஓகஸ்ட் 8, செப்ரெம்பர் 19 என்று ஆறு வாரத்துக்குள் இரண்டு தடவை தடம்புரண்டது. இரண்டாவது தடவைக்குப் பிறகு நவம்பர் 12 வரை ரயில் ஓடவே இல்லை. பகிரங்க விசாரணை நடந்து 2022 நவம்பரில் அறிக்கை வந்தது. ரயில் ஓடாத அந்த நாட்களில் மாற்றுப் பஸ் ஓட்டியதும் ஓட்டும் செலவுதான், எந்த முன்மதிப்பீட்டிலும் அதற்கு ஒரு வரி இருக்காது. நூறு பஸ்ஸில் ஐந்து பழுதானால் 95 ஓடும். ஒரு தண்டவாளம் பழுதானால் முழு வழித்தடமும் நிற்கும்.

இனி உங்கள் 27 சதம். 2000களின் தொடக்கத்து எண் அது, கல்கரி நகரமே சொன்னது. கல்கரியின் ரயில் 1981 மே மாதம் திறந்தது. ஏன் மலிவு என்பதற்குக் காரணங்கள் உண்டு. பெரும்பகுதி தரைமட்டத்திலேயே போகிறது, சுரங்கம் மிகக் குறைவு. நிலையத்தில் வாயிற்கதவு இல்லை, பரிசோதகர்கள்தான் இடைக்கிடை வந்து ரிக்கெற் பார்ப்பார்கள். வண்டி பிராங்க்பர்ட்டில் ஏற்கெனவே ஓடிப் பழகிய சீமென்ஸ் மாதிரி. எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணெய்க் கொம்பனிகளின் அலுவலகங்கள் எல்லாம் ஒரே மையத்தில் குவிந்திருக்கின்றன, அங்கே கார் நிறுத்தக் கட்டணம் தாளாது. கொரோனாவுக்கு முன் வேலைநாள் ஒன்றில் மூன்று லட்சம் தடவை அளவில் ஏறினார்கள். அவ்வளவு கூட்டம் ஏறினால் எந்த ரயிலின் ஹோல் காசும் தேய்ந்துபோகும்.

ஆனால் அந்த 27 சதத்துக்கும் ஒன்றரை டொலருக்கும் இடையில் உள்ள தூரம் முழுவதும் ரயிலின் திறமை இல்லை. நகர மையத்தில் ஏழாம் அவெனியூவில் அந்த ரயிலில் ஏறி இறங்க இலவசம். இரண்டு தரிப்புத் தள்ளிச் சாப்பிடப் போகிறவரும் ஒரு பயணியாக எண்ணப்படுகிறார், எண்ணிக்கை கூடினால் ஆளுக்கு விழும் செலவு தானாகக் குறையும். அடுத்தது, ரயில் வந்ததும் பஸ் வழித்தடங்களை வெட்டி நிலையத்தோடு நிறுத்திவிடுவார்கள். முன்பு வீட்டிலிருந்து வேலைக்கு ஒரு பஸ்ஸில் போனவர் இப்போது ஒரு பஸ், ஒரு ரயில். ஒரு பயணம் இரண்டு ஏற்றமாகிறது. ஒருவருக்கும் ஒரு நன்மையும் இல்லாமலே "ஏற்றம் ஒன்றுக்கான செலவு" பாதியாகக் குறைந்துவிடலாம்! மூன்றாவதுதான் முக்கியம். ஊரிலேயே கூட்டம் கூடிய வழித்தடத்தை ரயில் எடுத்துக்கொள்கிறது. புறநகரின் வளைந்த தெருக்கள், இரவு பதினொரு மணிச் சேவை, ஞாயிற்றுக்கிழமைக் காலை எல்லாம் பஸ்ஸின் தலையில். பிறகு இரண்டின் சராசரியையும் பக்கத்தில் வைத்து ரயில் மலிவு என்கிறோம். ரயிலை ஒப்பிடவேண்டியது ஊரின் எல்லாப் பஸ்ஸோடும் இல்லை, அதே வழித்தடத்தில் முன்பு ஓடிய பஸ்ஸோடு. அந்தப் பஸ்ஸும் நிறைந்துதான் ஓடியிருக்கும், அதன் செலவு ஒன்றரை டொலருக்கு நிறையக் கீழேதான் இருந்திருக்கும்.

கல்கரி திறந்த அதே 1981இல் சான் டியேகோவிலும் ஒன்று திறந்தது. நகர மையத்திலிருந்து மெக்சிக்கோ எல்லை வரை. புயலில் சேதமாகி விற்பனைக்கு வந்த பழைய சரக்கு ரயில் பாதையை வாங்கி, மத்திய அரசின் காசு இல்லாமல் சிக்கனமாகப் போட்டது. இரவில் சரக்கு வண்டி இன்னும் அந்தத் தண்டவாளத்திலேயே போகிறது. எல்லையில் இறங்கி நடந்து வருகிறவர்கள் காலைமாலை என்று பாராமல் நாள் முழுக்க, இரண்டு திசையிலும் வந்தார்கள். அட்டவணை போடுகிறவனுக்கு இதைவிடச் சொர்க்கம் கிடையாது. தொடக்க வருடங்களில் ஓட்டும் செலவின் பெரும்பகுதியை ரிக்கெற் காசே ஈடுகட்டியது. அதே கலிபோர்னியாவில் சான் ஹோசேயில் 1987இல் திறந்ததைப் பாருங்கள். வண்டி நவீனம், ஊர் பணக்கார ஊர். ஆனால் வேலைத்தலங்கள் எல்லாம் பெரிய பெரிய கார் தரிப்பிடங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன, நகர மையத்தில் ரயில் சைக்கிள் வேகத்தில் ஊர்கிறது. ஆளுக்கு விழும் செலவில் அமெரிக்காவின் மோசமான எல்.ஆர்.ரி.களில் ஒன்று என்று பெயர் எடுத்தது. தொழில்நுட்பம் ஒன்றுதான். வித்தியாசம் யார் ஏறுகிறார்கள் என்பதில்.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், இதை ரயில் ஆதரவாளர்கள் அடிக்கடி தங்கள் பையில் போட்டுக்கொள்கிறார்கள். சாரதிக்கு மணித்தியாலத்துக்குத்தான் சம்பளம். ஒரு சுற்று 90 நிமிடத்திலிருந்து 60 நிமிடமானால் அதே இடைவெளியில் ஓட்ட மூன்றில் இரண்டு பங்கு வண்டி போதும். இந்த மிச்சத்தைத் தருவது தனிப்பாதையும் சிக்னலில் முன்னுரிமையும். தண்டவாளம் தருவதில்லை. கலப்புப் போக்குவரத்தில் ஓடும் பஸ்ஸை எடுத்துவிட்டுத் தனிப்பாதையில் ரயில் விட்டு ஒப்பிட்டால் இரண்டு மாற்றத்தையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். லொஸ் ஏஞ்சலிஸ் 2005இல் ஒரு பழைய ரயில் பாதையில் ஒரேஞ்ச் லைன் என்று இரட்டை பஸ் விட்டது. நல்ல கூட்டம். ஆனால் அப்போது குறுக்கு வீதிகளில் ரயிலுக்கு விழுவதுபோலப் படலை விழவில்லை. தொடக்கத்தில் சில மோதல்கள் நடந்ததும் ஒவ்வொரு சந்தியிலும் பஸ் மணிக்கு 10 மைலுக்கு இறங்கவேண்டும் என்று வைத்துவிட்டார்கள். தனிப்பாதை கொடுத்தும் சந்திகளில் அதன் பலனைத் திருப்பிக் கொடுத்த மாதிரி.

கட்டுமானத்தைத் தொடமாட்டேன் என்றேன், ஆனால் எது ஓட்டும் செலவு, எது மூலதனம் என்ற கோடே வளையும். பஸ் ஏறத்தாழ 12 வருடம் ஓடும். எல்.ஆர்.ரி. பெட்டி 30 வருடம் தாண்டும். கல்கரி தன் முதல் வண்டிகளை அதற்கும் மேலே இழுத்தது. நடுவில் அந்தப் பெட்டியை அக்கக்காகக் கழற்றிப் புதுப்பிக்கும் செலவு மூலதனக் கணக்கில் போகிறது, தண்டவாளம் மாற்றுவதும் அப்படியே. ஆகவே ரயிலின் ஓட்டும் செலவு, உண்மையில் அதைத் தொடர்ந்து ஓடவைக்கும் செலவைவிடக் குறைவாகத் தெரியும். இதற்கு நேர்மாறும் உண்டு. இந்தியாவில், சென்னையின் புதிய மின்சார பஸ்கள் உட்பட, தனியார் கொம்பனி பஸ்ஸை வாங்கிச் சாரதியும் போட்டு ஓட்ட, கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று அரச நிறுவனம் காசு கொடுக்கும் முறை வந்திருக்கிறது. அந்தக் கிலோமீற்றர்க் காசுக்குள் பஸ் வாங்கிய விலையும் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டுபோய் ஒரு ரயிலின் வெறும் ஓட்டும் செலவோடு வைத்தால் பஸ் பாவம்.

ஸ்காபரோவுக்கு வருவோம். ஆர்.ரி.யை நல்ல எல்.ஆர்.ரி.க்கு உதாரணமாக எடுக்காதீர்கள். முதலில் சாதாரண ட்ராம் வண்டி ஓடுவதற்கென்றுதான் திட்டமிட்டார்கள். பிறகு மாகாண அரசு தன் கொம்பனி உருவாக்கிய புதுத் தொழில்நுட்பத்தைப் புகுத்தியது: சக்கரத்தைச் சுழற்றும் மோட்டார் இல்லை, தண்டவாளங்களுக்கு நடுவே கிடக்கும் ஒரு உலோகப் பட்டையோடு காந்தவிசையால் இழுபடும் மோட்டார். 1985இல் திறந்தது, ஆறு நிலையம், ஆறரைக் கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. வன்கூவரின் ஸ்கைட்ரெயினும் ஏறத்தாழ அதே நேரத்தில் வந்த அதே குடும்பம்தான். அங்கே சாரதி இல்லை. அதனால் இரவு பத்து மணிக்கும் சின்ன ரயிலைச் சில நிமிடத்துக்கு ஒன்று அனுப்பலாம், கூடுதல் சம்பளம் இல்லை. ஸ்காபரோவில் அதே வண்டிக்குள் ஆளை இருத்தினார்கள். அந்தத் தொழில்நுட்பத்தின் செலவு முழுவதும் வந்தது, மிச்சம் வரவில்லை. ரொறன்ரோவின் போக்குவரத்து நிறுவனமான ரி.ரி.சி.யில் வேறு எந்த வழித்தடத்திலும் இல்லாத வண்டி என்பதால் உதிரிப்பாகமும் மெக்கானிக்கின் அனுபவமும் மற்ற ரயிலோடு பகிரமுடியாது. கடைசியில் 2023 ஜூலை 24இல் கடைப்பெட்டி தடம்புரண்டு, நவம்பரில் மூட இருந்தது அத்தோடு மூடியது.

கொழும்பிலிருந்து வாசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாலபேயிலிருந்து கோட்டை வரை ஜப்பானியக் கடனில் வரவிருந்த எல்.ஆர்.ரி.யை 2020இல் அரசு நிறுத்தியபோது எல்லாரும் கட்டும் செலவைப் பற்றித்தான் கதைத்தார்கள். ஓட்டும் செலவில் அங்கே கல்கரிக் கணக்கை அப்படியே போடக்கூடாது. கனடாவில் ரயிலுக்குச் சாதகமான பெரிய விஷயம் சாரதிச் சம்பளம் மிச்சம். சம்பளம் குறைந்த நாட்டில் அந்த மிச்சம் சின்னது. மேல்கம்பி, சிக்னல் உதிரிப்பாகங்கள் மட்டும் டொலரிலோ யென்னிலோதான் வரும். பஸ்ஸில் நடத்துனரும் இருப்பதால் கொஞ்சம் ஈடாகும், ஆனால் ரயில் முந்தத் தேவையான கூட்டம் அங்கே இன்னும் மேலே போகும். கொழும்பில் அந்தக் கூட்டம் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

இதில் நான் அடித்துச் சொல்லக்கூடியவை: கூட்டம் குறைந்த வழித்தடத்தில் பஸ்தான் மலிவு. நாள் முழுக்க நிறைந்து ஓடும் வழித்தடத்தில் ரயில் மலிவு. தனிப்பாதை இரண்டுக்கும் உதவும். எந்த எண்ணில் கோடு கீறுவது என்பது ஊருக்கு ஊர் மாறும். என் உதாரணத்தில் அது மணித்தியாலத்துக்கு 1,200 பேர் அளவில் விழுகிறது, ஹோல் காசை 3,000 ஆக்கினால் கோடு மேலே போய்விடும். சந்தேகமானவை என்றால், "தண்டவாளம் என்றாலே ஆட்கள் கூட ஏறுவார்கள்" என்ற பேச்சு முதலாவது. புது ரயில் திறக்கும்போது வேகம், நிலையம், அடிக்கடி வருவது எல்லாம் சேர்ந்தே மாறுவதால் தண்டவாளத்தின் பங்கைப் பிரித்தெடுப்பது கஷ்டம். கொரோனாவுக்குப் பிந்திய எண்களையும் அப்படியே நம்பவேண்டாம். அலுவலகக்காரர் வீட்டில் இருந்தார்கள், நகர மையத்தை நம்பிய ரயில்களின் கணக்குப் பஸ்ஸைவிட மோசமாக அடிபட்டது. அது நிரந்தரமா தற்காலிகமா என்பதில் என் துறைக்காரர்களிடமே ஒற்றுமை இல்லை. மின்சார பஸ் வந்தால் எல்லாம் தலைகீழாகும் என்பதையும் நான் அவ்வளவு நம்பவில்லை. டீசலில் மிச்சம் வரும், ஆனால் பெரிய செலவு சாரதி, அவர் பற்றரியில் ஓடுவதில்லை.

உங்கள் வழித்தடத்துக்கு நான் பார்க்கச் சொல்வது ஒன்றுதான். கென்னடி, எல்ஸ்மியர் என்ற நிலையங்களுக்கு இடையில் பழைய ஆர்.ரி. பாதையைப் பஸ்ஸுக்கென்று மாற்றும் திட்டம் இருக்கிறது. அதைப் பற்றி ரி.ரி.சி. சபைக்குப் போகும் அறிக்கையில் "பயண நேரம் இத்தனை நிமிடம் குறையும்" என்பதோடு நிறுத்திவிடாமல், நெரிசலில் எத்தனை பஸ் மிச்சமாகும் என்ற வரியைத் தேடுங்கள். சுற்று 60 நிமிடத்திலிருந்து 48 ஆனால் ஐந்து பஸ் ஓடிய இடத்தில் நான்கு போதும். 54 நிமிடமானால் நான்கரை வரும், அரை பஸ் ஓட்ட முடியாது, ஐந்துதான் ஓடும், மிச்ச நிமிடங்கள் கென்னடியில் நின்று கழியும். பயணிக்கு நேரம் மிச்சம், செலவு அதேதான்.